தன் பிழையும் பிறர் பிழையும்

(தசலட்சண பர்வ நாள்களில் கோவையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தசலட்சண பர்வத்தின் பத்து நாள்களிலும் தத்துவார்த்த சூத்திரத்தின் பத்து அதிகாரங்களை நாளுக்கு ஒன்றாக ஓதிப் பொருள் கூறுவது வழக்கம். ஆறாம் நாளில் ஆறாம் அதிகாரம் வரும். வினை உயிரினிடத்து எவ்வாறு ஊறி வருகிறது என்பதை விளக்கும் பகுதி அது. கொலை, பொய், பேராசை எனப் பெருங்குற்றங்கள் சொல்லப்படும்போது அவையில் எவரும் அசைவதில்லை. அவையெல்லாம் வேறு யாரோ செய்பவை என்னும் நிம்மதி. அதிகாரம் முடியும் தறுவாயில், சிறு குற்றம்போலத் தோன்றும் ஒன்றை உமாசுவாமி எடுத்துரைக்கிறார். பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை உண்டெனக் காட்டுதல் ஆகியவை இழிந்த கோத்திர வினைக்கு வாயில்கள் என்கிறார். அடுத்த சூத்திரத்தில் இவற்றை அப்படியே திருப்பி, பணிவையும் செருக்கின்மையையும் சேர்த்து, உயர்ந்த கோத்திரத்துக்கு வாயில் என்கிறார்.

இந்நான்கையும் தனித்தனிக் குற்றங்களாக எண்ணினால் சூத்திரத்தின் கூர்மை புலப்படாது. தன்னை நிறுக்க ஒரு கோல், பிறரை நிறுக்க வேறொரு கோல் என இரண்டு கோல்களை வைத்திருப்பதே இங்குச் சுட்டப்படும் குற்றம். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின், சமூக உளவியல் என்னும் துறையினர் சோதனைக்கூடங்களில் ஆராய்ந்ததும் இந்த இரட்டைக் கோலைத்தான்.

கோவையில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 2008 அளவில் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டை இவ்வூர்ப் பட்டறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பம்புசெட்டு உதிரிப்பாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன சரக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ச் சேருகிறது. “கரண்டே இல்லீங்க, என்னங்க பண்றது?” என்கிறார் பட்டறை முதலாளி. அது உண்மையும்கூட. அதே வாரத்தில் அவருக்கு வார்ப்படம் அனுப்ப வேண்டிய ஃபவுண்டரி நான்கு நாள் தாமதிக்கிறது. “அந்த ஆளுக்கு வாக்குச் சுத்தமே கிடையாது” என்கிறார். இரண்டு இடத்துக்கும் மின்சாரம் ஒரே துணை மின்நிலையத்திலிருந்து வந்திருக்கக்கூடும். தன் தாமதத்துக்கு மின்வெட்டுக் காரணம். பிறர் தாமதத்துக்கு அவர் பிறவிக் குணம் காரணம். இதைச் சொல்பவர் கெட்டவரும் அல்லர், பொய்யரும் அல்லர். தன் பட்டறை இருண்டு கிடந்ததைக் கண்ணால் கண்டார். ஃபவுண்டரியின் இருட்டை அவர் காணவில்லை. வராத லாரியை மட்டுமே கண்டார்.

ஒருவர் செயலுக்குக் காரணம் கற்பிப்பதில் இரு வழிகள் உண்டு என்று ஃப்ரிட்ஸ் ஹைடர் என்னும் உளவியலறிஞர் 1958-இல் வெளியிட்ட நூலில் பகுத்துக் காட்டினார். செய்தவரின் இயல்பைக் காரணமாகச் சொல்வது ஒன்று. அவர் நின்ற சூழலைக் காரணமாகச் சொல்வது மற்றொன்று. செய்பவர் தம் செயலுக்குச் சூழலையும், அதைக் காண்பவர் செய்தவரின் இயல்பையும் காரணமாகக் கூறுவர் என எட்வர்ட் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1971-இல் எழுதினர். பிறர் செயலில் சூழலின் பங்கைக் குறைத்து மதிப்பிடும் இப்பழக்கத்தை ‘அடிப்படைப் பிழை’ என்றே 1977-இல் லீ ராஸ் குறித்தார். நெடுங்காலம் பாடநூல்களில் இக்கருத்துகள் ஐயமின்றி இடம்பெற்றன. 2006-இல் பெர்ட்ரம் மல்லே என்பவர், செய்பவர்க்கும் காண்பவர்க்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிய 173 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, வேறுபாடு எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்று தெரிந்தது. தீய விளைவு நேர்ந்த இடத்தில்தான் மனிதர் தமக்குச் சூழலையும் பிறர்க்கு இயல்பையும் வழங்குகின்றனர். நல்ல விளைவு என்றால் கோல் தலைகீழாகிறது. தன் வெற்றி தன் திறமை. பிறன் வெற்றி அவன் நல்ல நேரம்.

இந்தத் திருத்தம் வந்த பிறகே ஆய்வு சூத்திரத்தின் அருகில் வந்தது எனலாம். உமாசுவாமி முதலிலேயே நான்கையும் சேர்த்துச் சொன்னார்: பிறர் குற்றம் பெரிதாகும்போது தன் குற்றம் சிறிதாகிறது, தன் குணம் பெரிதாகும்போது பிறர் குணம் மறைகிறது.

இளங்கோவடிகள் இதைக் கதையாகவே காட்டியிருக்கிறார். கானல்வரியை இசைக்காகவும் சுவைக்காகவும் படிப்போர் பலர். அங்கு நிகழும் வழக்கின் கணக்கை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடற்கரையில் யாழிசைத்து முதலில் பாடியவன் கோவலன். வேறொருத்தியை மனத்தில் வைத்தவன்போலப் பாடினான். அவனைப் பொறுத்தவரை அது பாட்டு, விளையாட்டு. அதைக் கேட்ட மாதவி, இவன் நெஞ்சு வேறிடம் போய்விட்டது என எண்ணி, தானும் அவ்வாறே வேறொருவனை எண்ணியவள்போலப் பாடினாள். அவளுக்கு அது பதில் பாட்டு. கோவலனோ அதை அவளுடைய குணமாகக் கொண்டான். வஞ்சகி என்று முடிவு செய்து பிரிந்தான். தான் சற்றுமுன் செய்த அதே செயலை, தான் செய்தபோது விளையாட்டு என்றும் அவள் செய்தபோது வஞ்சம் என்றும் நிறுத்தான். காப்பியத்தின் துயரம் முழுவதும் இந்த ஒரு தவறான நிறுவையிலிருந்து கிளைக்கிறது. ஊழ் என்று இளங்கோவடிகள் சொல்வது உண்மையே. அந்த ஊழ் உருத்து வந்து நுழைந்த கதவு இது.

அதே கோவலன் மதுரைக்குச் செல்லும் வழியில், கோசிகன் கொண்டுவந்த மாதவியின் ஓலையைப் படித்தபின், அவளிடம் தீதில்லை, தீது தன்னுடையதே என்று தெளிகிறான். அவள் மாறவில்லை, நடந்தவையும் மாறவில்லை. அவள் பக்கத்திலிருந்து நடந்ததைப் பார்க்க ஓர் ஓலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நிகரான சோதனை ஒன்றை மைக்கேல் ஸ்டார்ம்ஸ் என்பவர் 1973-இல் செய்து பார்த்தார். இருவரை உரையாடச் செய்து படம் பிடித்தார். பின்னர் ஒருவருக்கு அவரையே, எதிரில் இருந்தவர் பார்த்தபடி, திரையில் காட்டினார். தம் நடத்தைக்குச் சூழலைக் காரணம் சொல்லியிருக்கக்கூடியவர்கள், தம்மை வெளியிலிருந்து பார்த்ததும் தம் இயல்பையே கூடுதலாகக் காரணம் கூறத் தொடங்கினர். பார்க்கும் இடம் மாறினால் காரணமும் மாறுகிறது. ஒவ்வொரு நயமும் பொருளின் ஒரு பக்கத்தையே காட்டும் என்று சொல்லும் அநேகாந்த நெறியினர்க்கு இது வியப்பூட்டாது. ஆயினும் அநேகாந்தத்தைப் பிற சமயத்தாரோடு வாதிடும்போது எடுத்தாள்வோர், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அதை எடுத்தாளக் காண்பது அரிது.

மதுரைக் காட்சிகள் இன்னும் கடுமையானவை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலனைக் கள்வன் எனக் காட்டுகிறான். காவலர் முதலில் நம்பவில்லை. இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமாக இல்லை என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்துவிட்டு, மந்திரம், மருந்து, தந்திரம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான். அவன் வாதத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நல்லவன்போலத் தோன்றுவதே கள்வனுக்குக் கைவந்த கலை என்றாகிவிட்டால், கோவலனுடைய நற்றோற்றமே அவனுக்கு எதிரான சான்றாகிறது. அதன்பின் அவன் அமைதியாக நின்றாலும் குற்றம், பதறினாலும் குற்றம். இடையில் ஒரு காவலன் மழை இருளில் தான் முன்பு எதிர்ப்பட்ட வேறொரு கள்வன் கதையைச் சொல்கிறான். அந்தக் கள்வனுக்கும் எதிரில் நிற்பவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் கதை முடிவதற்குள் எதிரில் நிற்பவன் கள்வனாகிவிட்டான். செய்யாவிடில் அரசன் தண்டிப்பான் என்னும் அச்சம் வேறு. கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். ‘இந்த மாதிரி ஆள்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்று தொடங்கும் பேச்சுகள் இன்றும் கல்யாண மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் நிகழ்வதைக் கேட்டவர்க்கு இக்காட்சி பழங்கதையாகத் தோன்றாது.

இக்காப்பியத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் நிரம்பை என்னும் கொங்கு நாட்டு ஊரினராகக் கருதப்படுகிறார். சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் கொண்ட விசயமங்கலம் பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படுகிறது. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நிமித்தம் கோவைக்கு வந்த குடும்பங்கள் அயல் மண்ணுக்கு வந்ததாக எண்ண வேண்டியதில்லை.

பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனத் தரம் பிரிக்கிறார். மதிப்பெண் குறைந்த பிள்ளையை எருமை என்று வைவதற்கு இதனை மேற்கோள் காட்டும் தந்தையர் உண்டு. ஆனால் முனிவர் அத்துடன் நிற்கவில்லை. ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் உவமை வைத்திருக்கிறார். பஞ்சடைத்த குடுக்கை அவற்றுள் ஒன்று. சிறிது சிறிதாகவே வரும், எளிதில் வெளிவராது. பருத்தி விளையும் நாட்டில் வாழ்ந்தவர்க்கு அந்த உவமை தானாகவே தோன்றியிருக்கும். பிள்ளை தேறாததற்குக் காரணம் எருமையா, பருத்திக் குடுக்கையா என்பதைத் தேர்வுத்தாள் ஒன்றே சொல்லிவிடாது. நல்லாசிரியர்க்கு அவர் சொன்ன உவமைகளுள் நிறைகோலும் ஒன்று என்பது தற்செயலாக இராது.

சூழலை எண்ணிப் பார்ப்பது தமிழர்க்கோ இந்தியர்க்கோ இயலாத செயலன்று. கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை வழியே போனால் வரும் மைசூரில், ஜோன் மில்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நடத்திய ஆய்வு 1984-இல் வெளிவந்தது. மைசூரிலிருந்த இந்துக்களிடமும் சிகாகோவிலிருந்த அமெரிக்கரிடமும், தெரிந்தவர் ஒருவர் செய்த நற்செயலையும் தீச்செயலையும் சொல்லச் செய்து, அதற்கு விளக்கமும் கேட்டார். மைசூரில் கிடைத்த நிகழ்ச்சிகளில் ஒன்று: வழக்குரைஞர் ஒருவர் ஓட்டிச் சென்ற மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்தது; பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபட்டார். வழக்குரைஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மருத்துவரிடம் காயத்தின் தன்மையைக் கேட்காமலே நீதிமன்றம் போய்விட்டார். அடிபட்டவர் இறந்தார். இதற்கு அமெரிக்கர் கூறிய விளக்கங்களில் ‘பொறுப்பற்றவர்’ என்னும் குணமே முன்னின்றது. இந்தியரோ, கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது அவர் கடமை, காயம் அவ்வளவு கடுமையாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம் என்று சூழலைப் பேசினர். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இரு நாட்டிலும் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறத்தான் அது விரிந்தது. ஆக, பிறர் நின்ற இடத்தை எண்ணிப் பார்ப்பது பெரியோரைக் கண்டு குழந்தைகள் கற்றுக்கொள்ளும் பழக்கம்.

இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்வதற்குமுன் இன்னொரு ஆய்வையும் கேட்க வேண்டும். அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1974-இல், டொனால்ட் டெய்லரும் வைஷ்ணா ஜக்கியும் தென்னிந்தியாவில் அலுவலக எழுத்தர்களிடம் செய்த ஆய்வு வெளியாயிற்று. அவ்வெழுத்தர்கள் இந்துக்கள். கடைக்காரர் தாராளமாக நடந்துகொண்டார் அல்லது ஏமாற்றினார், அடிபட்டவருக்கு ஒருவர் உதவினார் அல்லது பாராமல் போனார் என்பன போன்ற எளிய நிகழ்ச்சிகள் அவர்களிடம் கூறப்பட்டன. செய்தவர் இந்து என்றால் நற்செயலுக்கு அவர் குணமும் தீச்செயலுக்குச் சூழலும் காரணமாயின. செய்தவர் முஸ்லிம் என்றால் இக்கணக்கு மாறிற்று. நிகழ்ச்சி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. தன் பிழைக்குச் சூழல், பிறர் பிழைக்குக் குணம் என்னும் கோலைத் தனிமனிதன் மட்டுமன்றிக் கூட்டமும் பிடிக்கிறது என்பதற்கு, தாமஸ் பெட்டிக்ரூ 1979-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தத் தென்னிந்தியச் சோதனையையே சான்றாகக் கொண்டது.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தென்படுகிறது. சூழலைப் பார்க்கும் கண் இங்கு இருக்கிறது. அது ஒரு வட்டத்துக்குள் மட்டும் திறக்கிறது. வட்டத்துக்கு உள்ளே இருப்பவன் தவறினால் ‘பாவம், அவனுக்கு என்ன நெருக்கடியோ’. வெளியே இருப்பவன் தவறினால் ‘அவர்கள் புத்தியே அப்படி’. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமுதாயம் இதன் மறுபக்கத்தையும் அறியும். அலுவலக விருந்தில் அந்தி சாய்ந்தபின் உண்ண மறுக்கும் தமிழ்ச் சமணர் ஒருவரை, ஒட்டாதவர் என்றோ கஞ்சர் என்றோ உடன் வேலை செய்வோர் எண்ணிக்கொள்வதுண்டு. இரவு உண்ணாமை என்னும் நோன்பை அறியாதவர்க்கு மறுப்பு மட்டுமே தெரிகிறது. வேறு எந்த விளக்கமும் கையில் இல்லாதபோது குணத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

வருந்தத்தக்கது, அந்த வட்டம் வரவரச் சுருங்கி, சில வீடுகளில் கூடத்துக்கும் மாடிக்கும் இடையிலேயே கோடு விழுவது. சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் மாலை ஷிப்டில் வேலை செய்யும் மகன் இரவு ஒன்பது மணிக்கு உண்கிறான். அவனுக்குச் சமயப் பற்றுப் போய்விட்டது என்று தந்தை மனம் கசக்கிறார். ஊரில் கழனியிலிருந்து பொழுது சாயுமுன் வீடு திரும்பி, கை கால் கழுவி உண்ட தலைமுறைக்கு அந்நோன்பைச் சூரியனே காத்துக் கொடுத்தது என்பதை அவர் எண்ணுவதில்லை. மகனும் குறைந்தவன் அல்லன். ஊர் என்ன சொல்லுமோ என்ற கவலைதான் அப்பாவுக்கு, உண்மையான பக்தி எங்கே இருக்கிறது என்கிறான். தீர்த்தங்கரரைத் தொழாமல் ஒருநாளும் நீர் அருந்தாத அந்த மனிதரின் அறுபது ஆண்டு ஒழுக்கம் அவனுக்கு ஒரு சொல்லில் மறைந்துபோகிறது. பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல் என்று சூத்திரம் சொன்னது இதைத்தான். ‘ஷிப்டில் இடைவேளை எத்தனை மணிக்கு?’ என்று தந்தை கேட்கவில்லை. ஐந்தே முக்காலுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும் என்று தெரிந்தால், தாய் ஒரு டிபன் பாக்ஸில் உணவு கட்டிக் கொடுத்திருப்பாள். பற்றைப் பற்றிய வழக்காக வளர்ந்தது பல வீடுகளில் நேரத்தைப் பற்றிய சிறு சிக்கலாகத்தான் தொடங்கியிருக்கும்.

வினைக் கொள்கையும் இந்த இரட்டைக் கோலுக்குக் கருவியாவதுண்டு. இது சிலர்க்குக் கசக்கலாம். தொழில் நொடித்தவரையோ மணமுறிவு கண்ட பெண்ணையோ சுட்டி, ‘அவரவர் செய்த வினை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு எழுந்து போவோர் இருக்கிறார்கள். தம் வீட்டில் துன்பம் வந்தால் அவர்களே கண்ணேறு, பங்காளிப் பொறாமை, அரசாங்கத்தின் வரி என்று காரணம் தேடுகிறார்கள். துன்புறும் ஒருவரைத் தொடர்ந்து கண்டும் உதவ வழியில்லாதவர்கள், அவரையே தரம் தாழ்ந்தவராக மதிக்கத் தொடங்குவதை மெல்வின் லெர்னர் 1966-இல் ஒரு சோதனையில் காட்டினார். உலகம் நீதியாகவே நடக்கிறது என்று நம்பிக்கொள்ள அது வசதியாக இருக்கிறது. ஆறாம் அதிகாரம் இந்த வசதியைத் தரவில்லை. துன்புற்றவனிடம் இரங்குவது இன்ப வேதனீயத்துக்கும், பிறரைத் துன்புறுத்துவது துன்ப வேதனீயத்துக்கும் வாயில் என்கிறது. அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து அவருடைய பழைய வினையைக் கணக்கிடுபவர், அந்தக் கணத்தில் தமக்கு ஊறும் புதிய வினையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படியானால் எல்லாக் குற்றத்துக்கும் சூழலைக் காரணம் சொல்லி விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாண்டியனுக்கு எத்தனை சாக்குகள் இருந்தன என்பதை இளங்கோவடிகளே எடுத்துத் தருகிறார். அரசி ஊடி அகன்றிருந்தாள். அவளைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தான். பொற்கொல்லன் சரியாக அந்த வேளையில் வந்து விழுந்தான். ஆராய நேரமில்லாமல் ஆணை பிறந்தது. விரைவு மனிதனை என்ன செய்யும் என்பதை டார்லியும் பேட்சனும் 1973-இல் பிரின்ஸ்டனில் கண்டனர். இறையியல் மாணவர்களை ஒரு சிறு உரையாற்ற அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினர்; அவர்களில் பலர் உரைக்க வேண்டிய பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய நல்ல சமாரியனின் கதை. வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்றனர். அவர்கள் நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பாண்டியனையும் இப்படியே விளக்கலாம். ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, அந்த விளக்கங்களில் ஒன்றைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. கோவலன்மேல் ஏற்றிய கள்வன் என்னும் அதே பெயரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டான். பிறனை நிறுத்த கோலிலேயே தன்னையும் நிறுத்தான். சாக்கைச் சொல்வது படிப்பவர் பொறுப்பு. ஏற்காமல் விடுவது அவன் பொறுப்பாக இருந்தது.

முனிவர்க்குரிய பிரதிக்கிரமணத்தில் நிந்தை, கர்ஹை என்னும் இரண்டு உண்டு. தன் குற்றத்தைத் தானே சாட்சியாக நின்று கடிதல் நிந்தை. குருவின்முன் கடிதல் கர்ஹை. இரண்டும் தன் குற்றத்துக்கே உரியவை. பிறர் குற்றத்துக்கு நற்காட்சியின் எட்டு அங்கங்களில் வேறொன்று வகுக்கப்பட்டது: உபகூகனம், அதாவது நெறியில் நிற்பவன் தவறினால் அதைப் பறைசாற்றாது காத்தல். அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சினேந்திரபக்தன் என்னும் வணிகனின் கதையிலும் ஒரு மணி களவு போகிறது. நோன்பி வேடமிட்ட கள்வன் காவலரால் துரத்தப்பட்டு வணிகனிடமே வந்து விழுகிறான். வணிகன் வெளியில் அவனைக் காத்தான். தனியே அழைத்துக் கண்டித்து அனுப்பினான். குற்றத்தை மூடிமறைத்து வளர விடுவதற்கு இக்கதையைத் துணைக்கு அழைப்பவர்கள் அந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. பொதுப்பணத்தில் கை வைத்தவரைக் காப்பதற்கு உபகூகனம் என்று பெயரில்லை.

பர்வம் முடிந்து க்ஷமாவாணி நாள் வரும். அன்று ஒருவர்க்கொருவர் பொறுத்தருள வேண்டுவர். முன்பு வீடு வீடாகச் சென்று கைகூப்பினர். இன்று வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி முந்நூறு பேர்க்குப் போகிறது. ‘அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க’ என்பதே பெரும்பாலும் அதன் வாசகம். பணிவான வாசகம்தான். அதில் அறியாமை என்னும் சொல் யாருக்கு வழங்கப்படுகிறது என்று பார்த்தால், அனுப்புகிறவர்க்கே.

சிலப்பதிகாரத்தில் அந்தச் சொல் வேறு திசையில் போயிற்று. உறையூர் செல்லும் வழியில், கவுந்தியடிகளோடு வந்த கண்ணகியையும் கோவலனையும் கண்டு காமுகர் இருவர், இவர் யார் என்றனர். என் மக்கள் என்றார் அடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதும் உண்டோ என்று அவர்கள் எள்ளினர். கண்ணகி செவியைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். அடிகள் சினந்து, அவ்விருவரும் முள்காட்டில் நரிகளாகுக என்று சபித்தார். துறவியின் நாவில் சினம் எழுந்த அந்த வேளையில், இல்லறத்தார் இருவரும்தான் அவர்களுக்காகப் பேசினர். நெறியில் நில்லாதவர் தகாதன சொன்னாலும் அதை அவர்தம் அறியாமை என்றே கொள்ள வேண்டும், இவர்க்குச் சாபம் நீங்கும் காலத்தை உரைத்தருள்க என்று வேண்டினர். பழிச்சொல்லை ஏற்றவர்கள் அவர்களே. அச்சொல்லைச் சொன்னவர்க்கு அறியாமையை வழங்கியவர்களும் அவர்களே. கவுந்தியடிகள் மனம் நெகிழ்ந்து, உறையூர் மதிலின் புறத்தே பன்னிரண்டு திங்கள் திரிந்தபின் முன்னை உருவம் பெறுக என்று சாபத்தைக் குறைத்தார்.

க்ஷமாவாணிக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. முந்நூறு பேர்க்கு அனுப்பும் அந்தப் பட்டியலில், ஓராண்டாகவோ பத்தாண்டாகவோ பேச்சற்றுப்போன ஒருவருடைய எண்ணும் இருக்கும்; அல்லது அது என்றோ நீக்கப்பட்டிருக்கும். அவர் அன்று அப்படி நடந்ததற்கு அவருடைய குணத்தைத் தவிர வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, அவர் இன்னும் இதே கோவையில்தான், பெரும்பாலும் ஒரு பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறார்.